பொத்தானில் எழுதும் சொல்

நமது நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் இணையத்தில் கடை விரிக்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும். 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம் தன் விற்பனை நிலையங்களோடு இணையத்தின் வாயிலாகவும் கைத்தறித் துணிகளை விற்று வருகின்றது. விவசாயிகளின் பொருட்டு மத்திய அரசு 2016 ஏப்ரல் 14-ஆம் நாள் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையில், வியாபாரிகள் கைபேசியிலிருந்தே விலை கேட்க வசதி உண்டு. இவ்வேற்பாடுகளுக்குப் பின்னால் பெரும் உழைப்பும் பணமும் இருக்கின்றன. ஆயினும் அவ்வுழைப்பு பலன் தருவதும் தராமற்போவதும் இறுதியில் திரையின் மீதுள்ள ஒரு சிறு கட்டத்தைப் பொறுத்திருக்கின்றன. 'வாங்குக' என்றோ, 'விண்ணப்பத்தை அனுப்புக' என்றோ எழுதி, விரலால் தொடும்படி வைத்திருக்கும் பொத்தானையே இங்குக் குறிப்பிடுகின்றேன்.

இணையக்கடை அமைப்பதற்கு ஒப்பந்தம் விடும்பொழுது நிர்வாகக் குழுவினர் முகப்புப் படம், சங்கத்தின் முத்திரை, தலைவரின் படம் ஆகியவற்றைக் குறித்து நெடுநேரம் ஆலோசிக்கின்றனர். பொத்தானில் என்ன சொல் எழுதுவது, அதனை எங்கே வைப்பது என்னும் விஷயம் தீர்மானப் புத்தகத்தில் இடம்பெற்றிருப்பதை நான் பார்வையிட்ட எந்தச் சங்கத்திலும் கண்டதில்லை. அது ஒப்பந்தக்காரரின் வேலையென்று விடப்படுகின்றது. இஃது சரியன்று என்பதே எனது அபிப்பிராயம். பொத்தானில் எழுதும் சொல் சங்கம் தன் வாடிக்கையாளருக்கும் அங்கத்தினருக்கும் கொடுக்கும் வாக்காகும். சங்கத்தின் பெயரால் கொடுக்கும் வாக்கைச் சங்கமே அறிந்து கொடுத்தல் வேண்டும்.

ஜவுளிக் கடையில் நிகழ்வதை நினைத்துப் பார்ப்போம். நல்ல விற்பனையாளர் சேலையை விரித்துக் காட்டுவார், முந்தானையையும் கரையையும் காட்டுவார், விலை சொல்வார், நூல் எத்தகையது, சாயம் போகுமா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்வார். வந்தவரின் கை ஒரு சேலையின் மீது நிலைத்து நிற்கும் சமயம் பார்த்து, "பில் போடலாமா?" என்று கேட்பார். அக்கேள்வியை முன்னதாகக் கேட்டால் வந்தவர் முகஞ் சுளிப்பார். கேளாமலே இருந்தால் "பார்த்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்துவிடுவார். இணையக்கடையில் அவ்விற்பனையாளர் இல்லை. அவருடைய அந்த ஒரு கேள்வியைத்தான் பொத்தான் கேட்கின்றது. ஆகவே நல்ல விற்பனையாளரிடம் நாம் எதிர்பார்க்கும் குணங்களையே பொத்தானிடமும் எதிர்பார்த்தல் வேண்டும்: தெளிந்த பேச்சு, சமயமறிதல், மரியாதை, நேர்மை.

சொல்லின் தெளிவு

முதலாவதாக, பொத்தானை அழுத்தினால் என்ன நேரும் என்பதை அதன் மேலுள்ள சொல்லே தெரிவித்தல் வேண்டும். நமது செயலிகள் பலவற்றில் 'சமர்ப்பி' என்ற சொல் காணப்படுகின்றது. ஆங்கிலச் சொல்லொன்றை அப்படியே பெயர்த்து வைத்ததன் விளைவு இது. சமர்ப்பித்தல் என்பது நம்மவர் மனத்தில் கோயிலில் காணிக்கை செலுத்துவதையோ, மேலதிகாரியிடம் மனுக் கொடுப்பதையோதான் நினைவூட்டும். நூல் வேண்டி விண்ணப்பிக்கும் நெசவாளருக்கு 'நூல் விண்ணப்பத்தை அனுப்புக' என்று எழுதினால் ஐயமே எழாது.

இன்னொரு குழப்பத்தையும் கவனித்தல் வேண்டும். கொடுத்த ஆர்டரை வேண்டாமென்று விலக்கிக்கொள்ள ஒருவர் விரும்பும்பொழுது, "ஆர்டரை ரத்து செய்யலாமா?" என்று திரை கேட்கின்றது. அதன் கீழே 'ரத்து', 'சரி' என இரு பொத்தான்கள். 'ரத்து' என்பதை அழுத்தினால் ஆர்டர் ரத்தாகுமா, அல்லது ரத்து செய்யும் எண்ணம் ரத்தாகுமா? கற்றவரும் தயங்கும் இடம் இது. 'ஆம், ஆர்டரை ரத்து செய்க' என்றும், 'வேண்டாம், ஆர்டர் இருக்கட்டும்' என்றும் எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது. இரண்டு மூன்று சொற்கள் கூடுதலாக எழுதுவதில் சங்கத்திற்கு ஒரு காசும் நஷ்டமில்லை.

சொல் ஒன்றால் வியாபாரம் எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்க நாட்டு உதாரணம் ஒன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுகின்றது. ஜாரெட் ஸ்பூல் என்னும் நிபுணர் 2009-ஆம் ஆண்டில் அதனை எழுதினார். பெரிய இணையக்கடை ஒன்றில், பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்த வருவோரை நிறுத்தி, 'பதிவு செய்க' என்று ஒரு பொத்தான் கேட்டது. பொருள் வாங்க வந்தவர்கள் கணக்குத் திறக்க விரும்பவில்லை. பலர் கூடையை அப்படியே விட்டுச் சென்றனர். அப்பொத்தானை எடுத்துவிட்டு, 'தொடர்க' என்ற பொத்தானையும், வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டிய அவசியமில்லை என்ற குறிப்பையும் வைத்தார்கள். வாங்கி முடிப்போர் தொகை 45 சதவீதம் உயர்ந்தது. முதலாண்டில் மாத்திரம் விற்பனை 30 கோடி டாலர் கூடியது என்று அவர் தெரிவித்துள்ளார்.

இங்கு நாம் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. வெறும் சொல்மாற்றத்தால் மாத்திரம் இது நேரவில்லை. வாங்குவோர் மீது சுமத்திய தேவையற்ற வேலை ஒன்று நீங்கியது. புதிய சொல் அதனை உண்மையாக அறிவித்தது. பின்னால் உள்ள தொல்லையை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மாத்திரம் இனிமையாக்கினால் பயன் விளையாது.

சொல் கேட்கும் அளவும் முக்கியமாகும். முன்பின் அறியாதவரிடம் எடுத்த எடுப்பில் பெரியதொன்றைக் கேட்டலாகாது. 2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் ஜனாதிபதித் தேர்தல் பிரசார நிலையத்தார் தங்கள் இணையப் பக்கத்தில் 4 விதப் பொத்தான்களையும் 6 விதக் காட்சிகளையும் மாற்றி மாற்றிச் சேர்த்துச் சோதித்தனர். முன்பிருந்த 'பதிவு செய்க' என்னும் பொத்தானுள்ள பக்கத்தில் நூற்றுக்கு 8.26 பேர் பதிந்தனர். 'மேலும் அறிக' என்னும் பொத்தானும் குடும்பப் படமும் சேர்ந்த பக்கத்தில் நூற்றுக்கு 11.6 பேர் பதிந்தனர். நமக்கும் இது பொருந்தும். கைத்தறியைப் பற்றி ஒன்றுமறியாமல் வந்தவருக்கு 'இச்சேலை நெய்யப்படும் விதத்தைக் காண்க' என்பது தக்க அழைப்பு. சேலையைப் பார்த்து முடித்தவருக்கு 'வாங்குக' என்பது தக்க அழைப்பு.

மரியாதையும் தமிழ் நடையும்

கடைக்கு வந்த பெரியவரை நோக்கி எந்த விற்பனையாளரும் 'வாங்கு' என்று சொல்லத் துணியமாட்டார். ஆனால் திரையில் நாம் அவ்வாறே சொல்லி வருகின்றோம். பொத்தான் என்பது மனிதன் யந்திரத்திற்கு இடும் ஆணை, யந்திரத்திற்கு மரியாதை எதற்கு என்று சிலர் வாதிக்கின்றனர். 'நீக்கு', 'அனுப்பு' என்பவற்றிற்கு அவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். நீக்குவதும் அனுப்புவதும் யந்திரம் செய்யும் வேலை. வாங்குபவரோ மனிதர். 'வாங்குக', 'சேர்க்க' என்னும் வியங்கோள் வடிவம் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கின்றது. அது சுருக்கமானது, ஒருவரையும் தாழ்த்தாதது. சங்கங்கள் அனைத்தும் அதனையே ஒரு சீராகக் கைக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் அடங்கும் சொல்லுக்கென வரைந்த கட்டத்தில் தமிழ்ச் சொல்லை நுழைக்கும்பொழுது நேரும் அலங்கோலத்தையும் சொல்லத்தான் வேண்டும். சொல் இரண்டாக உடைகின்றது. மேலே வளையும் இகரக் குறியும் கீழே இறங்கும் உகரக் குறியும் அறுபட்டுப்போகின்றன. தமிழில் எழுதிப் பார்த்த பின்னரே பொத்தானின் நீள அகலத்தை நிர்ணயித்தல் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை சேர்ப்பது நலம்.

எழுத்தறியாத அங்கத்தினருக்குச் சொல்லால் என்ன பயன், படம் போதாதா என்று கேட்கலாம். படம் துணை செய்யும்; ஆனால் படம் தனித்து நின்றால் ஆளுக்கொரு பொருள் கொள்வர். சொல்லும் படமும் சேர்ந்திருப்பதே உத்தமம். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் அவனாவது பிழையின்றிப் படித்துச் சொல்வான்.

அளவும் நிறமும் இடமும்

பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் 1954-ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். கையை ஓரிடத்திற்குக் கொண்டு செல்ல ஆகும் நேரம் அவ்விடத்தின் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. தூரம் மிகுந்தால் நேரம் மிகும், அகலம் குறைந்தாலும் நேரம் மிகும் என்பது அதன் சாரம். கைபேசி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே கண்ட இவ்விதி இன்றும் பொத்தானுக்குப் பொருந்துகின்றது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு கூகுள் நிறுவனம் வகுத்துள்ள நெறியின்படி, தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் உடையதாக இருத்தல் வேண்டும். தறியில் காய்த்துப்போன விரல், மண்வெட்டி பிடித்த கட்டைவிரல், சாயத்தில் நனைந்த கை ஆகியவற்றைக் கருதினால், நம் அங்கத்தினர்க்கு இதனினும் சற்றுப் பெரிதாக வைப்பது நன்று. 'வாங்குக' என்பதற்கும் 'நீக்குக' என்பதற்கும் இடையே போதிய இடைவெளியும் வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரையில், சிவப்பு விற்கும், பச்சை விற்கும் என்றெல்லாம் கூறுவோர் சொல்லை நம்பவேண்டியதில்லை. பக்கத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து பொத்தான் தனித்துத் தெரிந்தால் போதும். எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்று, இணையத்தை யாவரும் அணுகுவதற்கான சர்வதேச வழிகாட்டு நெறிகள் 2008 முதல் சொல்லி வருகின்றன. இளமஞ்சள் மீது வெள்ளை எழுத்து ஏ.சி. அறையில் அழகாகத் தெரியலாம். களத்து மேட்டில் உச்சி வெயிலில் அது தெரியாது. அன்றியும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் நம்மிடையே உண்டு. ஆதலின் நிறத்தால் மாத்திரம் பொருள் உணர்த்தலாகாது.

ஒரு பக்கத்திற்கு முதன்மையான பொத்தான் ஒன்றே இருத்தல் சிறப்பு. தெரிவுகள் பெருகப் பெருக முடிவெடுக்கும் நேரமும் பெருகும் என்று ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் ஹிக் 1952-ல் நிறுவினார். 'வாங்குக', 'பகிர்க', 'பதிவு செய்க', 'எங்களைப் பின்தொடர்க' என நான்கும் ஒரே அளவில் ஒரே நிறத்தில் கூவினால், நான்கு விற்பனையாளர்கள் ஒரே சமயத்தில் ஒருவரைப் பிடித்திழுப்பது போலாகும்.

நேர்மை

இனி மிகவும் முக்கியமான விஷயத்திற்கு வருகின்றேன். அழுத்தச் செய்யும் வித்தை வளர வளர ஏமாற்றும் வித்தையும் அதனுடன் வளர்ந்துள்ளது. கேளாமலே கூடையில் பொருள் சேர்த்தல், இல்லாத அவசரத்தை உண்டாக்குதல், தபால் செலவைக் கடைசித் திரையில் காட்டுதல், மறுப்பவரை வெட்கப்படுத்தும் சொல்லை மறுப்புப் பொத்தானில் எழுதுதல், சேருவதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குதல் முதலியன அவ்வித்தையின் கிளைகள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இத்தகைய ஏமாற்று அமைப்புகள் 13 வகையாகப் பட்டியலிடப்பட்டுத் தடை செய்யப்பட்டுள்ளன. இந்நாட்டில் இணையவழி விற்கும் யாவரையும் அவை கட்டுப்படுத்தும். கூட்டுறவுச் சங்கம் என்பதால் விலக்கு எதுவும் இல்லை.

இக்குற்றச்சாட்டுக்கு ஆளானவற்றுள் உலகப் பெருநிறுவனங்களும் உண்டு. விருப்பமின்றியே மக்களைப் பிரைம் திட்டத்தில் சேர்த்து, விலகுவதைக் கடினமாக்கியதாக அமேசான் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்குத் தொடுத்தது. 2025 செப்டம்பரில் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 250 கோடி டாலருக்கு உடன்பட்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதற்கானது. இலவசமாக அனுப்புவது எனக்கு வேண்டாம் என்று சொல்லும்படி அமைத்த பொத்தானைக் கைவிட்டு, திட்டத்தை மறுப்பதற்குத் தெளிவான பொத்தான் வைக்கவேண்டும் என்பதும் அவ்வுடன்பாட்டில் ஒரு ஷரத்து. பொத்தானின் சொல் நீதிமன்றம் வரை செல்லக்கூடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

"தனியார் கடைகள் இவ்வாறெல்லாம் செய்தல்லவா விற்கின்றன, நாம் மாத்திரம் யோக்கியம் பேசினால் தறி ஓடுமா?" என்று சில நிர்வாகிகள் கேட்கின்றனர். இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. தேங்கிய சரக்குக்கு வட்டி கட்டும் சங்கத்தின் கவலை அதில் இருக்கின்றது. ஆனால் அவசரத்தை நாம் புனைந்துரைக்க வேண்டிய தேவையே இல்லை. 'இன்னும் இரண்டே உள்ளன' என்று ஆலைத்துணிக்குப் பொய் சொல்லவேண்டும். கைத்தறிச் சேலையிலோ அதே நிறமும் அதே கோர்வையும் உடையது ஒன்றே ஒன்று இருப்பது இயல்பு. 'இச்சேலை ஒன்றே உள்ளது. மற்றொன்று வேண்டுமாயின் நெய்து அனுப்ப இத்தனை நாள் ஆகும்' என்னும் உண்மையைப் பொத்தானுக்கு அருகில் எழுதினாலே போதும். உண்மையே நமக்கு விளம்பரமாக அமைந்திருக்கும்பொழுது பொய்யைக் கடன் வாங்குவானேன்? ஒருமுறை ஏமாந்தவர் அச்சங்கத்தை மாத்திரம் வெறுப்பதோடு நில்லார். கூட்டுறவுத் துணி என்றாலே விலகிச் செல்வார். ஒரு சங்கத்தின் தந்திரத்திற்கு மற்றச் சங்கத்துத் தறிகள் விலை கொடுக்க நேரும்.

அழுத்துபவரும் நாமே

நாம் விற்பவர்கள் மாத்திரமல்லர்; நாள்தோறும் பொத்தான் அழுத்துபவர்களுமாவோம். யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்புவதாகச் சொல்லி, பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி, அதனை அழுத்தச் செய்து ஏமாற்றியோர் பலர். தனிநபர் மற்றொரு தனிநபருக்கு அவ்வாறு கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஒரு வழி அடைபட்டது. ஆயினும் சொல்லைப் படியாமல் அழுத்தும் பழக்கம் உள்ளவரை வேறு வழி திறக்கும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபொழுதும் தேவையில்லை என்பதை ஒவ்வொரு அங்கத்தினரும் மனத்தில் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

மின்னணு முறையில் செய்தது என்ற காரணத்தால் மாத்திரம் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது என்று, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 10-அ பிரிவு கூறுகின்றது. எனவே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவதைக் கைநாட்டு வைப்பதற்குச் சமமாகவே கருதுதல் வேண்டும். சங்கம் கடன் விண்ணப்பத்தைக் கைபேசியில் பெறுமானால், கடன் தொகை, வட்டி, தவணை நாள் ஆகிய மூன்றும் பொத்தானுக்கு மேலேயே பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்கு நிகரான அளவில் 'இப்பொழுது வேண்டாம்' என்பதும் இருத்தல் வேண்டும். மறுக்க வழியில்லாத இடத்தில் பெறும் சம்மதம் சம்மதமாகாது.

செய்யத் தக்கன

இவற்றைச் சோதிக்கப் பெரும் செலவு வேண்டா. இணையக்கடையை முன்பு பார்த்திராத ஐந்து பேரை அழைத்துக் கைபேசியைக் கையில் கொடுத்து, "இதில் ஒரு துண்டு வாங்கிக் காட்டுங்கள்" என்று மாத்திரம் சொல்லிவிட்டு, வாய் திறவாமல் உடனிருந்து பார்க்கலாம். விரல் எங்கே தயங்குகின்றதோ அங்கே குறையுள்ளது. ஐந்து பேரைக் கொண்டே பெரும்பாலான குறைகளைக் கண்டுவிடலாம் என்று இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதியுள்ளார்.

இரு சொற்களில் எது சிறந்தது என்று எண்ணிக்கையால் ஒப்பிட விரும்பும் சங்கங்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆனியில் ஒரு சொல்லையும் ஆடியில் மற்றொரு சொல்லையும் வைத்து, ஆடியில் விற்பனை கூடியதென்று மகிழ்தல் கூடாது. அது ஆடித் தள்ளுபடியின் பலனாக இருக்கலாம். ஒரே காலத்தில் வருவோரைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரு சொற்களையும் காட்டிய பின்னரே ஒப்பிடல் வேண்டும். வருவோர் தொகை சொற்பமாயின் அவ்வெண்ணிக்கையை நம்பாமல், மேற்சொன்னவாறு உடனிருந்து பார்ப்பதே தகும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கின்றேன். சங்கத்தின் இணையக்கடையிலும் செயலியிலும் உள்ள பொத்தான்களின் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி உரக்கப் படியுங்கள். அழுத்தினால் நேர்வது அச்சொல்லில் இருக்கின்றதா? அதே சொல்லை வாடிக்கையாளரின் முகத்திற்கு நேரே சொல்ல நமக்குக் கூச்சமின்றி இயலுமா? மறுப்பதற்கும் விலகுவதற்கும் அதே அளவு எளிய வழி வைத்திருக்கின்றோமா? இம்மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்காத பொத்தானை அன்றே மாற்றத் தீர்மானியுங்கள். ஓர் அங்கத்தினர் பல நாள் தறியில் அமர்ந்து நெய்த சேலை, வாங்க விரும்பி வந்தவரின் கைக்குப் போய்ச் சேராமல் ஒரு தெளிவற்ற சொல்லால் பண்டகசாலையில் தேங்குமாயின், அந்நஷ்டம் அந்த நெசவாளருடைய கூலியைச் சேர்ந்தது. அதனைத் தடுப்பது நம் கையில் இருக்கின்றது.